மவுண்ட் ஆல்பர்ட்டில் நடந்த அட்ரியானோபிள் போர்

அந்த ஞாயிற்றுக்கிழமை மவுண்ட் ஆல்பர்ட் வீட்டில் இருந்தவர்கள் இவர்கள்: பெண்ணின் தகப்பனார் இராசரத்தினம், அவருடைய மனைவி யோகராணி, பெண் கிருசாந்தி, யோகராணியின் தம்பியும் பெண்ணுக்குத் தாய்மாமனுமான பிரதாபன், பையனின் தகப்பனாரும் அந்த வீட்டுக்காரருமான மோகனதாஸ், அவருடைய மனைவி ராஜம்மா, பையன் தேவன். இவர்களைத் தவிர வேறு எவரும் அங்கே இல்லை. வாசலில் கார் நிறுத்திவிட்டுப் போனவர்களும் வேலிக்கு அந்தப் பக்கம் புல் வெட்டிக்கொண்டிருந்தவரும் இருந்தவர்கள் ஆக மாட்டார்கள்.

இராசரத்தினம் லின்ஃபீல்டில் குடியிருப்பவர். எல்லர்ஸ்லியில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் கணக்காய்வாளராக இருந்து, ஒருவர் வாயிலும் விழாமல் ஓய்வு பெற்றவர். கதிரையில் சாய்ந்து உட்கார்ந்து அவரை யாரும் கண்டதில்லை. அவருடைய குடும்பத்தில் சில முறைகள் உண்டு. அவற்றில் ஒன்று, சம்பந்தம் பேசப் போன வீட்டில், சொல் முடிவாகும் முன் கை நனைப்பதில்லை என்பது. சாப்பிட்டுவிட்டு வேண்டாம் என்று எழும்பினால் உண்ட வீட்டுக்குத் துரோகம். சாப்பிட்டுவிட்டுச் சம்மதம் என்று சொன்னால் சோற்றைக் கண்டு பெண்ணைக் கொடுத்தவன் என்று பேர். இரண்டுமே அந்தக் குடும்பத்துக்கு ஒத்துவராதவை.

சொல் முடிவாவதற்குப் பையன் வீட்டார் முதலில் வாய் திறந்து பெண் கேட்க வேண்டும். இங்கேதான் சிக்கல். முன்னர் இரண்டு முறை வந்து போயாகிவிட்டது. மோகனதாஸ் மழையைப் பற்றிப் பேசினார், மோட்கேஜ் வட்டியைப் பற்றிப் பேசினார், ரயில் ஓடாத ஞாயிறுகளைப் பற்றிப் பேசினார். பெண்ணை மட்டும் கேட்கவில்லை. ராஜம்மா இரண்டு முறையும் மேசை கொள்ளாமல் சமைத்து வைத்தார். இராசரத்தினம் தண்ணீர்கூடத் தொடவில்லை. கணவர் தொடாததை யோகராணியும் தொடவில்லை. முறை இன்னதென்று விளக்கிச் சொல்லியிருக்கலாமே என்று கேட்கலாம். சொல்ல முடியாது. தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தெரியாதவர்களிடம் போய், நீங்கள் கேட்டால் நாங்கள் சாப்பிடுவோம் என்று சொல்வது, பெண்ணை வாங்கிக்கொள்ளுங்கள் என்று கூவி விற்பதற்குச் சமம்.

பையனில் ஒரு குறையும் இல்லை. தேவன் படித்தவன், அடக்கமானவன், கிருசாந்தியின் முகத்தைப் பார்க்காமல் ஒரு வசனம் முடிக்கத் தெரியாதவன். ஆனாலும் காரில் வரும்போது இராசரத்தினம் மனைவியிடம் ஒரே ஒரு வசனம் சொன்னார்: இன்றைக்கும் கேட்கவில்லையென்றால் இந்தப் பேச்சு இத்துடன் சரி. பின் ஆசனத்தில் இருந்த கிருசாந்தி அதைக் கேட்டுவிட்டு, லின்ஃபீல்டிலிருந்து மவுண்ட் ஆல்பர்ட் வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தாள்.

இந்த மூன்றாம் வருகைக்கு ஒரு புதுமை இருந்தது. மோகனதாஸுக்கு ஓய்வு நேர வேலை பழைய காலத்துப் போர்களை மேசையில் நடத்துவது. விரலளவு ஈயச் சிப்பாய்களுக்குத் தானே வர்ணம் தீட்டி, வரைபடத்தில் நிறுத்தி, பகடை உருட்டிப் போர் செய்வார். பிரதாபன் ஓர் உயர்தரப் பாடசாலையில் சரித்திர ஆசிரியர். மாணவர்களுக்காக அவர் ஒரு விளையாட்டு உண்டாக்கியிருந்தார்: ஜெர்மானியக் குலங்களில் ஒன்றான கோத்துகள், ஹூணர்களுக்குப் பயந்து டான்யூப் ஆற்றைக் கடந்து உரோமப் பேரரசுக்குள் குடிபுகுந்த கதை. கதைத்து ஒட்டாத இரண்டு பேரைச் சண்டை பிடிக்க விட்டுப் பார்ப்போம் என்று தேவனும் கிருசாந்தியும் சேர்ந்து யோசித்தார்கள். பிரதாபன் நடுவராக இருக்க ஒப்புக்கொண்டார். கிருசாந்தி காரில் அந்தச் சரித்திரத்தை போனில் தேடத் தொடங்கியபோது இராசரத்தினம் போனை வாங்கித் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். முடிவை முன்னமே பார்த்துக்கொண்டு விளையாடுவது களவு என்றார்.

சாப்பாட்டு மேசை முழுதும் வரைபடம். குறுக்கே நீல நாடா, அதுதான் டான்யூப். நாடாவுக்குத் தெற்கே உரோம நகரங்கள், வடக்கே காடு. சமையல் கட்டிலிருந்து கோழிப் பிரட்டலும் நெத்திலிச் சம்பலும் மணத்தன. இராசரத்தினம் மூக்கை அந்தப் பக்கம் விடவில்லை.

பிரதாபன் இரண்டு துண்டுக் கடதாசிகளைச் சுருட்டி உள்ளங்கையில் வைத்து நீட்டினார். இராசரத்தினம் எடுத்ததில் கோத் என்று எழுதியிருந்தது. அவருடைய முகம் இறுகியது. முதல் வருகையில் ராஜம்மா, நல்ல மனதோடுதான், நீங்களெல்லாம் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து கஷ்டப்பட்டவர்கள் என்று சொல்லியிருந்தார். இராசரத்தினம் அந்த இடத்திலேயே, தாம் படிப்புக்கும் வேலைக்கும் கிடைத்த விசாவில் வந்தவர் என்று திருத்தியிருந்தார். அகதியாகவே வந்த பிரதாபன் அப்போது பக்கத்தில் இருந்து சிரித்தார். இப்போது இவருடைய கைக்கு ஆற்றங்கரையில் இடம் கேட்டு நிற்கும் கூட்டம் வந்து சேர்ந்தது. எதிரே மோகனதாஸ் பேரரசின் மொத்தப் படையையும் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

ஆட்டம் வேகமாகத்தான் தொடங்கியது. ஹூணர்களை நடத்தியது நடுவர். அவர் ஒவ்வொரு சுற்றிலும் கறுப்புக் கட்டைகளைக் கிழக்கிலிருந்து தள்ளிக்கொண்டு வந்தார். இராசரத்தினத்தின் ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்தன. ஒரு இடத்தில் நின்று மோதிப் பார்த்தார், பகடை கைவிட்டது. வண்டிகளைப் பின்னுக்கு எடுத்தார். பெண்களும் பிள்ளைகளும் ஏறிய வண்டிகள் அவை, பிரதாபன் சின்ன மரத்துண்டுகளில் செய்திருந்தார். கடைசியில் வண்டிகள் எல்லாம் நீல நாடாவின் ஓரத்தில் நெருக்கியடித்து நின்றன. அதற்கப்பால் போக இடமில்லை.

பிரதாபன் விதியைச் சொன்னார். ஆற்றைக் கடக்க வேண்டுமானால் கோத்துகளின் தலைவர் பேரரசிடம் வாய்விட்டு அனுமதி கேட்க வேண்டும். மாணவர்கள் இந்த இடத்தில் முழங்காலில் நின்று கெஞ்சி எல்லாரையும் சிரிக்க வைப்பார்களாம். மோகனதாஸும் பேரரசரின் பதில் என்று ஏதோ பெரிதாக ஆயத்தம் செய்து வைத்திருந்தார் போலிருக்கிறது, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

இராசரத்தினம் எழுந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"எங்களிட்டச் சனம் இருக்கு. வேலை தெரிஞ்ச சனம். நிலத்தைத் தந்தால் உழுவினம், எல்லையில நிக்கச் சொன்னால் நிப்பினம். விடுறதெண்டால் விடுங்கோ. இல்லையெண்டால் இல்லையெண்டு இப்பவே சொல்லுங்கோ, நாங்கள் வேற வழி பாக்கிறம்."

மேசையைச் சுற்றி ஒருவரும் சிரிக்கவில்லை. மோகனதாஸ் ஆயத்தம் செய்ததை மறந்துபோனார்.

"வாங்க," என்றார். "எல்லாரும் வாங்க."

தேவன் கையைத் தட்டினான். கிருசாந்தி அவனை முழங்கையால் இடித்தாள். இராசரத்தினம் வண்டிகளைத் தானே ஒவ்வொன்றாக எடுத்து நாடாவுக்குத் தெற்கே வைத்தார். யோகராணி கதிரையை இழுத்துக்கொண்டு கணவருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

கடந்து வந்த பிறகுதான் உண்மையான துன்பம். உரோம அதிகாரிகள் தருவதாகச் சொன்ன தானியத்தை விற்றுத் தின்கிறார்கள், முகாமில் பட்டினி என்று பிரதாபன் அறிவித்தார். பிறகு ஒரு சீட்டைத் திருப்பிப் போட்டார். அதில் இருந்த பேரம் இதுதான்: தின்பதற்கு ஒரு நாய் தருவார்கள், பதிலுக்கு அடிமையாக ஒரு பிள்ளையைக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் படை வீரர்கள் பட்டினியில் சாவார்கள். இது அந்தக் காலத்தில் நிசமாகவே நடந்தது என்றும் சொன்னார்.

யோகராணி மோகனதாஸைப் பார்த்த பார்வையில் அவர் கதிரையோடு பின்னுக்கு நகர்ந்தார்.

"அக்கா, அது நான் இல்ல. கேம்ல உள்ளது."

"நாய் ஆரிட்ட இருக்கு? உங்களிட்டத்தானே இருக்கு," என்றார் யோகராணி.

பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் மரத்துண்டுகளைக் கொடுத்துவிட்டு வீரர்களைக் காப்பாற்றுவார்கள் என்று பிரதாபன் பிறகு சொன்னார். மரத்துண்டால் போர் செய்ய முடியாது அல்லவா. இராசரத்தினம் யோசிக்கக்கூட இல்லை. தன் வாள்வீரர் வரிசையில் பாதியை எடுத்து நடுவர் முன் வைத்தார். பிள்ளைகள் ஏறிய வண்டிகளில் ஒன்றைக்கூட விரலால் தொடவில்லை. மோகனதாஸ் வாயைத் திறந்து ஏதோ சொல்ல வந்து, எதிரே இருந்தவரை முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார். பிறகு தன் சீட்டுகளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

அடுத்த சுற்றில் அவர் ஒரு சீட்டை எடுத்து மேசை நடுவே வைத்தார். முகத்தில் பூனை பால் குடித்த களை. மார்சியானோபிள் கோட்டையில் உரோமத் தளபதி விருந்து வைக்கிறார், கோத்துகளின் தலைவர் வந்து கௌரவிக்க வேண்டும் என்று ராகம் போட்டுச் சொன்னார். பிரதாபன் கூரையைப் பார்த்தார்.

"விருந்துக்கு நன்றி," என்றார் இராசரத்தினம். "வரேல்லை."

"வரலன்னா? சாப்பாடுங்க. உங்க ஆளுங்க பட்டினியில இருக்காங்க."

"இருக்கட்டும். கதை முடியட்டும். பிறகு சாப்பிடுவம்."

மோகனதாஸ் மற்றச் சீட்டுகளையும் மேசையில் போட்டார். அது கோபத்தில் போட்டது என்று எல்லாருக்கும் தெரிந்தது. ஏனென்றால் அந்த விருந்து ஒரு பொறி. சரித்திரத்தில் கோத்துகளின் தலைவர்கள் அந்த விருந்துக்குப் போனார்கள். உள்ளே பந்தி நடக்கும்போது வெளியே அவர்களுடைய காவலர்கள் வெட்டப்பட்டார்கள். விளையாட்டிலும் தலைவர் போனால் அநேகமாகப் பிடிபட்டுவிடுவார், ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். இதுவரை எந்த மாணவனும் அந்த விருந்தை மறுத்ததில்லை.

"புக் படிச்சிட்டு வந்துட்டீங்க," என்றார் மோகனதாஸ். "தெரிஞ்சுக்கிட்டே வந்து உக்காந்திருக்கீங்க. அப்புறம் என்ன கேம் இது?"

பக்கத்து வீட்டுப் புல்வெட்டும் இயந்திரம் மட்டும் கேட்டது. இராசரத்தினம் மெல்ல எழுந்தார். அவருடைய வாழ்நாளில் கணக்குப் புத்தகத்தை வைத்துக்கொண்டு களவு செய்தீர்களா என்று மற்றவர்களிடம் அவர் கேட்ட கேள்வி அது. அவரிடம் எவரும் கேட்டதில்லை.

"கிருசாந்தி, ஜாக்கெட்டை எடு. போவம்."

யோகராணி எழவில்லை. பிரதாபன், அத்தான் கொஞ்சம் பொறுங்கோ என்று கையைப் பிடித்தார். இராசரத்தினம் கையை விடுவித்துக்கொண்டார். அப்போது கிருசாந்தி, வழக்கமாகத் தகப்பனுக்கு ஆங்கிலத்திலேயே பதில் சொல்கிறவள், எல்லாருக்கும் விளங்கட்டும் என்று தமிழில் சொன்னாள்.

"அப்பா படிக்கேல்ல, அங்கிள். நான் கார்ல கூகுள் பண்ணினேன், போனைப் பறிச்சு வச்சிட்டார். இப்பவும் அவர்ட பொக்கெட்லதான் இருக்கு."

இராசரத்தினம் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து மேசையில் வைத்தார். மோகனதாஸ் போனைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார்.

"அப்ப ஏன் வரலன்னீங்க?"

"சம்பந்தம் முடிவாகாத வீட்டில நாங்கள் கை நனைக்கிறேல்லை."

சொன்ன பிறகுதான் இராசரத்தினத்துக்குத் தான் சொன்னது உரோமரின் காதுக்கு மட்டும் இல்லை என்று தெரிந்தது. வாயிலிருந்து விழுந்ததை எடுக்க முடியாது. எடுக்க நினைக்கும் ஆளும் அவர் அல்ல. ஆகவே நிமிர்ந்தபடியே நின்றார்.

மோகனதாஸ் கதிரையில் தொப்பென்று உட்கார்ந்தார். பிறகு சீட்டு ஒன்றை எடுத்து விரல்களுக்கிடையில் திருப்பிக்கொண்டே சொன்னார்.

"எங்க தாத்தா மலாயாவுல, சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் எஸ்டேட்ல பாலுக்கு மரம் வெட்டினவரு. அங்க ஆபீஸ் கிளார்க்கு, கிராணின்னு சொல்வாங்க, யாழ்ப்பாணத்து ஆளு. சம்பள விஷயம், பிள்ளைங்க ஸ்கூல் விஷயம், எதுக்கு வந்தாலும் வாசல்ல நின்னுதான் பேசுவாராம். எங்க பாட்டி தண்ணி கொண்டாந்து நீட்டினா, வேணாம்னு கையக் காட்டுவாராம். ஒரு தடவ கூட வாங்கல. அத எங்கப்பா சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டிருந்தாரு." அவர் சீட்டை வைத்தார். "நீங்க ரெண்டு தடவ வந்தீங்க, ஐயா. ரெண்டு தடவயும் என் பொண்டாட்டி தண்ணி வெச்சா. நீங்க கையக் காட்டுனீங்க. இந்த வீட்ல தண்ணி குடிக்காத மனுஷன்கிட்ட நான் எப்படிப் போயி பொண்ணு கேக்குறது?"

இப்போது உட்கார வேண்டியது இராசரத்தினத்தின் முறையாயிற்று. அவருடைய பாட்டனாரின் தமையன் ஒருவர் மலாயாவில் கிராணியாக இருந்து, பென்சன் எடுத்துக்கொண்டு ஊர் திரும்பி, கல்வீடு கட்டியவர். அவருடைய படம் லின்ஃபீல்ட் வீட்டு முன்னறையில் கோட்டும் தலைப்பாகையுமாகத் தொங்குகிறது. வருகிறவர்களுக்குக் காட்டிச் சொல்லும் படம். எந்தத் தோட்டத்தில் கிராணியாக இருந்தார் என்று இராசரத்தினத்துக்குத் தெரியாது. எந்த வாசலில் நின்றார் என்றும் தெரியாது. நின்றிருக்க மாட்டார் என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை.

"அந்தக் கிராணி செய்தது பிழை," என்றார்.

இராசரத்தினம் தன் பக்கத்து ஆட்களைப் பிழை என்று சொல்லி யோகராணி கேட்டது அதுதான் முதல் தடவை.

"நான் செய்தது அது இல்லை," என்று அவர் தொடர்ந்தார். "இது எங்கட முறை. ஆளைப் பாத்து மாத்திறேல்லை. என்ர தங்கச்சிக்குக் கொழும்பில ஒரு பெரிய டொக்டர் வீட்டில பேசப் போன இடத்திலயும் பச்சைத் தண்ணி குடிக்காமல்தான் வந்தனாங்கள். நீங்கள் கேக்கவேணும். அதுக்குப் பிறகுதான் சாப்பாடு."

"இத மொத நாளே சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்கள் முதல் நாளே கேட்டிருக்கலாம்."

"நல்லா இருக்கு," என்றார் ராஜம்மா. "இவரு கேக்கட்டும்னு நீங்க, நீங்க சாப்பிடட்டும்னு இவரு. நடுவுல ரெண்டு ஞாயித்துக்கிழமையும் அவ்வளவு கோழியையும் வாரம் பூரா நாங்க தின்னோம். இந்தப் பிள்ளைக்குக் கோழின்னாலே வெறுத்துப் போச்சு."

தேவன் தலையை ஆட்டி ஆமா என்றான். யோகராணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மோகனதாஸ் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார், வாய் திறந்தார். இராசரத்தினம் உள்ளங்கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

"இப்ப வேண்டாம். இப்ப கேட்டால், பரிதாபத்தில கேட்டதெண்டு ஆகும். என்ர சனம் இன்னும் பட்டினியாய் நிக்குது. விளையாட்டை முடிப்பம்."

மோகனதாஸின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. அவர் சட்டைக் கைகளை மடித்துவிட்டார்.

"சரிங்க. ஜெயிச்சிட்டே கேக்குறேன்."

பிறகு நடந்ததுதான் போர். அதுவரை நடந்ததெல்லாம் அதற்கு முகவுரை. யோகராணி ஏற்கெனவே கணவர் பக்கத்தில் இருந்தார், ராஜம்மாவும் கதிரையை இழுத்துக்கொண்டு தன் கணவர் பக்கத்தில் வந்து சேர்ந்தார். தேவனும் கிருசாந்தியும் எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் மேசையின் தலைமாட்டில் நடுவருக்கு இருபுறமும் நின்றார்கள்.

விருந்து ஒரு பொறி என்று தெரிந்த கோபத்தில் கோத்துகள் கிளம்பினார்கள். இராசரத்தினம் நகரங்களுக்குப் பக்கத்தில் போகவில்லை. மதில்களோடு எனக்குப் பகையில்லை என்று சொல்லி, வயல்களையும் களஞ்சியங்களையும் பிடித்தார். பட்டினி நின்றது. சிதறிக் கிடந்த வேறு குலத்தாரும் சுரங்கத்திலிருந்து ஓடிவந்த அடிமைகளும் வந்து சேர்ந்தார்கள். படை வளர்ந்தது. மோகனதாஸ் அதற்குள் பேரரசர் வேலன்ஸையே களத்தில் இறக்கினார். ஊதா நிறப் போர்வையும் பொன்முலாம் பூசிய கவசமுமாக அவரே ஒரு குளிர்காலம் முழுதும் இருந்து தீட்டிய பொம்மை அது. பேரரசர் அட்ரியானோபிள் நகருக்கு வெளியே வந்து நின்றார். கோத்துகள் குன்றின்மேல் வண்டிகளை வட்டமாகக் கட்டி உள்ளே புகுந்துகொண்டார்கள்.

இராசரத்தினத்துக்கு ஓர் இடி. அவருடைய குதிரைப்படை அங்கே இல்லை. தீவனம் தேடிப் போனது இன்னும் திரும்பவில்லை. குதிரைகள் வரும்வரை தாக்குப்பிடித்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. மோகனதாஸுக்கும் ஒரு கணக்கு இருந்தது. மேற்கிலிருந்து இன்னொரு பேரரசர், வேலன்ஸின் அண்ணன் மகன், பெரும்படையோடு வந்துகொண்டிருக்கிறார். அவர் வரும்வரை பொறுத்தால் வெற்றி நிச்சயம்.

"பொறுங்கப்பா," என்றான் தேவன்.

"எதுக்கு? அண்ணன் மவன் கடைசியில வந்து பேர் வாங்கிட்டுப் போறதுக்கா?"

"சாப்பாடு ஆறுது, சீக்கிரம் அடிங்க," என்றார் ராஜம்மா.

அப்போது இராசரத்தினம் தூதன் ஒருவனை அனுப்பினார். தூது கேட்பதற்கு ஒரு சுற்றுப் போகும், அந்தச் சுற்றில் சண்டை கிடையாது. அவர் அனுப்பியது ஒரு சாதாரணப் பாதிரியை. மோகனதாஸ் அவனைத் திருப்பி அனுப்பினார், பேரரசரிடம் பேசப் பெரிய ஆளாக வர வேண்டும் என்றார். அந்த வசனம் காதில் விழுந்ததும் இராசரத்தினம் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். யோகராணியும் அவரைப் பார்த்தார். எத்தனை சம்பந்தப் பேச்சுகளில் உட்கார்ந்து எழும்பியவர்கள் அவர்கள்.

"உங்கட தம்பியின்ர கலியாணத்துக்குச் செய்தமே, அப்பிடிச் செய்யுங்கோ," என்று யோகராணி காதில் சொன்னார்.

இராசரத்தினம் அப்படியே செய்தார். பெரிய ஆள் வருவார், ஆனால் அவரைக் கூப்பிட உங்கள் பக்கத்திலும் அதற்கேற்ற ஒருவர் வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். மோகனதாஸ் ஒருவரைத் தெரிந்தெடுத்தார். அவர் ஏற்கெனவே கோத்துகளிடம் ஒருமுறை பிடிபட்டவர், வர மாட்டாராம் என்று நடுவர் சொன்னார். இன்னொருவரைத் தேட வேண்டியதாயிற்று. இராசரத்தினம் பேச்சை இழுத்தார், வந்தவரின் தகுதியை விசாரித்தார், தகப்பன் யார் என்று கேட்டார். அதற்கிடையில் குன்றின் அடிவாரப் புல்லுக்குத் தீ வைத்தார். உரோமப் படை வெயிலிலும் புகையிலும் தண்ணீரில்லாமல் நின்றது. மோகனதாஸின் நெற்றியிலும் வியர்வை. காலையில் சரியாகப் பசியாறவும் இல்லை, கோழி மணம் வேறு அவரைப் பிடித்து இழுத்தது.

"போதும்," என்றார் மோகனதாஸ். "அடி."

உரோமக் காலாட்படை குன்றேறியது. பகடைகள் உருண்டன. வண்டி வட்டத்தின் ஒரு பக்கம் உடைந்தது. இராசரத்தினத்தின் வாள்வீரர்கள் பாதிப் பேர்தானே மிச்சம், அவர்கள் நெரிந்து பின்வாங்கினார்கள். ராஜம்மா கணவரின் தோளில் தட்டினார். உரோமர் இரண்டாவது வண்டி வரிசையைத் தொட்டபோது இராசரத்தினம் பிரதாபனைப் பார்த்து, குதிரைக்கு உருட்டலாமா என்று கேட்டார். உருட்டலாம், ஆனால் ஆறு விழ வேண்டும்.

அவர் பகடையை எடுத்தார். கையில் வைத்துக் குலுக்கினார். கணக்காய்வாளராக இருந்த காலம் முழுதும் எதையும் அதிர்ஷ்டத்தில் விட்டதில்லை அந்த மனிதர். கிருசாந்தி கண்ணை மூடிக்கொண்டாள். பகடை வரைபடத்தின் மேல் உருண்டு, நீல நாடாவில் இடறி, நின்றது.

ஆறு.

யோகராணி கணவரின் கையைப் பிடித்து உலுக்கினார். குதிரைப்படை மலையிலிருந்து இறங்கியது. உரோமரின் இடப்பக்கக் குதிரைகள் முதல் மோதலிலேயே ஓடின. நடுவில் அகப்பட்ட காலாட்படை வாளை ஓங்க இடமில்லாமல் நெருங்கியது. இராசரத்தினம் இப்போது நின்றுகொண்டே உருட்டினார், முதுகை மேசைமேல் வளைத்து, மூக்குக் கண்ணாடி நழுவி, சட்டையின் மேல் பொத்தான் திறந்து. மோகனதாஸ் ஒவ்வொரு அணியாக இழந்தார், இழந்தும் விடாமல் உருட்டினார். கடைசி உருட்டலில் அவருடைய முழங்கை பட்டு ஊதாப் போர்வைப் பேரரசர் மேசையிலிருந்து விழுந்தார். எல்லாருமாகக் குனிந்து தேடினார்கள். அகப்படவில்லை.

"வேலன்ஸின்ர உடலும் கடைசி வரைக்கும் அகப்படேல்லை," என்றார் பிரதாபன். "ஆட்டம் முடிஞ்சுது. அத்தான் வெண்டுட்டார்."

மோகனதாஸ் தரையில் முழங்காலில் இருந்தபடி, அலுமாரிக்கு அடியில் கையை விட்டுத் துழாவிக்கொண்டே சிரிக்கத் தொடங்கினார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இரண்டு ஞாயிறுகளாக அந்த வீட்டில் கேட்காத சிரிப்பு. பிறகு எழுந்து, கையில் ஒட்டிய தூசியைத் தட்டி, ராஜம்மாவைப் பக்கத்தில் வந்து நிற்கச் சொன்னார். தலைமயிரைத் தடவிச் சரிசெய்துகொண்டார்.

"ஐயா. தோத்துட்டு நிக்கிறேன். தோத்தவன் கேக்குறது பரிதாபமில்ல, கேக்கலாம்ல? உங்க பொண்ணு கிருசாந்தியை எங்க பையன் தேவனுக்குக் குடுக்கணும்னு நானும் என் சம்சாரமும் கேக்குறோம்."

இராசரத்தினம் கண்ணாடியைச் சரியாக ஏற்றிக்கொண்டார், பொத்தானைப் பூட்டினார், முதுகை நிமிர்த்தினார். அதற்குப் பிறகு மகளைப் பார்த்தார். அவள் தலையை மட்டும் அசைத்தாள், கண்ணிலிருந்து நீர் வழிந்தது. பிரதாபனைப் பார்த்தார், தாய்மாமனுக்கும் சம்மதம். யோகராணியைப் பார்க்கத் தேவையிருக்கவில்லை.

"ஓம்," என்றார். "தாறம், சம்பந்தி."

அந்த ஒரு சொல்லைக் கேட்டு ராஜம்மா அங்கேயே அழுதார். இராசரத்தினம் சமையல் கட்டுக்குப் போய்க் கை கழுவினார். மேசையில் கோத்துகளும் உரோமரும் செத்துக் கிடந்ததால், ஏழு பேரும் வரவேற்பறையில் தரையிலேயே உட்கார்ந்தார்கள். ராஜம்மா முதலில் தண்ணீரைத்தான் நீட்டினார். அவர் குவளையை இரண்டு கையாலும் வாங்கி, நிறுத்தாமல் குடித்து முடித்தார். பிறகு கோழிப் பிரட்டலை மூன்றாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். தேவன் தன் பங்கை மாமனாரின் தட்டுக்குத் தள்ளிவிட்டான். நாள் பார்ப்பது, மண்டபம், இரண்டு பக்கத்து முறைகளில் எதை முதலில் செய்வது என்று பேச்சு நீண்டது. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

லின்ஃபீல்டில் இப்போது ஒரு கதை உலாவுகிறது. மோகனதாஸும் இராசரத்தினமும் கிருசாந்தியைப் பந்தயமாக வைத்துப் பகடை ஆடினார்களாம், ஆட்டத்தில்தான் கலியாணம் நிச்சயமாயிற்றாம். அது பொய். பந்தயம் எதுவும் வைக்கப்படவில்லை. பையன் வீட்டார் பெண் கேட்டார்கள், பெண் வீட்டார் கொடுத்தார்கள்.